மவுண்டன் பைக்கில் ஓட்டும் திறமையா, சாதனங்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மவுண்டன் பைக் ஓட்டுபவர்கள், ஓட்டத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். ஒரு பதிலில் சொன்னது இன்னொன்றிலும் தேவைப்பட்டால் கேள்வி எண்ணை மட்டும் குறித்திருக்கிறோம்.

1. இப்ப வர்ற பைக் எல்லாத்தையும் தானே பார்த்துக்குதுன்னு சொல்றாங்க. அப்ப ஓட்டுறவருக்கு என்ன வேலை மிச்சம்?

எந்தக் கல்லின் மேல் ஏறுவது, எதைச் சுற்றிப் போவது, என்ன வேகத்தில் போவது, உடல் எடையை எங்கே வைப்பது, பிரேக்கை எப்போது விடுவது. இவை ஐந்தும் இன்றும் ஓட்டுபவரின் வேலைதான். எவ்வளவு விலையுள்ள பைக்காக இருந்தாலும் பாதையைத் தேர்ந்து கொடுக்காது.

சாதனங்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் குறையும். சஸ்பென்ஷன், அகலமான டயர், பெரிய சக்கரம் ஆகியவை தவறைப் பொறுத்துக்கொள்பவை. டிராப்பர் போஸ்ட் (ஓட்டும்போதே சீட்டை இறக்கி ஏற்றும் தண்டு), நல்ல டிஸ்க் பிரேக், சரியான அளவு ஹேண்டில்பார் ஆகியவை நுட்பத்துக்கு இடம் கொடுப்பவை. அவை இல்லாவிட்டால் சரியான உடல்நிலைக்கே வர முடியாது. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு), தானாக இறுகித் தளரும் சஸ்பென்ஷன், மோட்டார் ஆகியவை உங்களுக்குப் பதிலாக ஒரு முடிவை எடுப்பவை. கற்றுக்கொள்பவருக்கு அதிகம் உதவுவது நடுவில் சொன்ன வகைதான். கீழே உள்ள பல பதில்கள் இந்தப் பிரிவை வைத்தே வருகின்றன.

2. முதல் பைக் ஹார்ட்டெயிலா இருக்கணுமா? நேரா ஃபுல் சஸ்பென்ஷன் வாங்கினா பழக்கம் கெட்டுடுமா?

ஹார்ட்டெயிலில் பின்பக்கம் சஸ்பென்ஷன் கிடையாது. பின்சக்கரம் வேரில் இடித்தால் அந்த அடி உடனே காலுக்கு வரும். தப்பான பாதையில் போனால் அந்த நொடியே தெரிந்துவிடும் என்பதுதான் அதன் பெரிய நன்மை. ஃபுல் சஸ்பென்ஷனில் அதே தவறு மெத்தென்று கடந்துபோகும், தவறு நடந்ததே தெரியாமல் போகலாம்.

அதற்காக எல்லோரும் ஹார்ட்டெயிலில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் ஓட்டும் தடம் முழுக்கக் கல்லும் வேருமாக இருந்தால் ஹார்ட்டெயிலில் அரை மணி நேரத்தில் கை கால் சோர்ந்துவிடும். சோர்ந்த உடம்பு எதையும் கற்காது. அப்படிப்பட்ட இடத்தில் ஃபுல் சஸ்பென்ஷன் எடுப்பதே நல்லது. ஒரே விலையில் இரண்டையும் ஒப்பிடும்போது இன்னொன்றும் கவனியுங்கள்: குறைந்த விலை ஃபுல் சஸ்பென்ஷனில் பிரேக்கும் ஃபோர்க்கும் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) தரம் குறைந்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த நிலையில் நல்ல பிரேக் உள்ள ஹார்ட்டெயில்தான் எங்கள் தேர்வு.

3. அந்தக் காலத்துல சஸ்பென்ஷனே இல்லாமதானே இறங்கினாங்க? அதுதான் உண்மையான திறமை இல்லையா?

கலிஃபோர்னியாவின் மேரின் பகுதியில் 1976-இல் தொடங்கிய ரீபேக் பந்தயத்தில் பழைய கனமான சைக்கிள்களில் மலையிறங்கினார்கள். பலவற்றில் பெடலைப் பின்னோக்கி மிதித்துப் பிடிக்கும் பிரேக்தான். இறங்கி முடிப்பதற்குள் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) இருந்த கிரீஸ் சூட்டில் உருகிப் புகைந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால்தான் ரீபேக், அதாவது 'மறுபடி அடைப்பது', என்ற பெயரே வந்தது.

அவர்களின் துணிச்சலையும் திறமையையும் மதிக்கிறோம். ஆனால் அதே ஆட்கள்தான் முதலில் நல்ல பிரேக், நல்ல ஃபிரேம் என்று தேடிப் போனார்கள். கேரி ஃபிஷர் உட்பட அந்தப் பந்தயக்காரர்கள் சிலர் பைக் தயாரிப்பாளர்களாகவே ஆனார்கள். 1989-இல் ராக்‌ஷாக்ஸின் முதல் சஸ்பென்ஷன் ஃபோர்க் வந்தபோதும் இது ஏமாற்று வேலை என்று சொன்னவர்கள் உண்டு. சஸ்பென்ஷன் வந்த பிறகு தடங்களும் கடினமாயின. அன்று யாரும் பைக்கில் இறங்க நினைக்காத பாறைகளில் இன்று இறங்குகிறார்கள். திறமை குறையவில்லை, தேவைப்படும் இடம் மாறியிருக்கிறது.

4. கையில காசு கொஞ்சம்தான். முதல்ல எதை மாத்தணும்?

காசே இல்லாமல் செய்யக்கூடியதை முதலில் செய்யுங்கள். பிரேக் லீவரைச் சரியான இடத்தில் வையுங்கள் (கேள்வி 7), டயர் காற்றை அளந்து அடியுங்கள் (கேள்வி 12), சஸ்பென்ஷனை உங்கள் எடைக்கு அமைத்துக்கொள்ளுங்கள் (கேள்வி 10). இந்த மூன்றும் சேர்ந்து தரும் மாற்றம், பல விலையுயர்ந்த பாகங்கள் தரும் மாற்றத்தைவிடப் பெரியது.

செலவு செய்வதென்றால் முன் டயர், பிரேக் பேட், டிராப்பர் போஸ்ட் என்ற வரிசையில் போங்கள். முன் டயரை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்சக்கரம் சறுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம், முன்சக்கரம் சறுக்கினால் யோசிக்க நேரம் இருக்காது. எடை குறைந்த கார்பன் பாகங்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

5. டிராப்பர் போஸ்ட்டுக்கு இவ்வளவு பெருமையா? சீட்டை இறக்குறதுதானே?

ஆமாம், சீட்டை இறக்குவதுதான். ஆனால் அது ஓட்டும் நேரத்தில், கை ஹேண்டில்பாரை விடாமல் நடக்கிறது. சீட் உயரமாக இருக்கும்போது இடுப்பு கீழே வர இடமில்லை. பைக்கை வளைவில் சாய்க்க முயன்றால் சீட் தொடையில் முட்டும். அதனால் பைக்கும் உடம்பும் ஒரே கட்டையாகச் சாயும், டயரின் ஓரப் பற்கள் தரையைக் கடிக்காது. சீட் இறங்கியதும் பைக்கை மட்டும் சாய்த்து உடம்பை நிமிர்த்தி வைக்கலாம். வளைவு பழகுபவருக்கு இந்த ஒரு பாகம் செய்யும் உதவி பெரிது.

நீளத்தை அளந்து வாங்குங்கள். சராசரி உயரமுள்ளவருக்கு 150 முதல் 180 மி.மீ. வரை இறங்குவது வசதி. போஸ்ட் முழுக்க மேலே எழும்பிய நிலையில் உங்கள் மிதிக்கும் உயரம் சரியாக வர வேண்டும். போஸ்ட்டின் உடல் ஃபிரேம் குழாய்க்குள் எவ்வளவு தூரம் நுழையும் என்பதையும் பார்க்க வேண்டும். குழாயில் வளைவோ போல்ட்டோ இருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

அடிக்கடி பார்க்கும் தவறு: சீட்டை இறக்கிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து இறங்குவது. சீட்டை இறக்குவது நிற்பதற்கு இடம் கிடைக்கத்தான்.

6. செங்குத்தா இறங்கும்போது உடம்பை நல்லா பின்னாடி தள்ளணும்னு சொல்லிக் கொடுத்தாங்க. புது பைக்ல அப்படிச் செஞ்சா முன்சக்கரம் வழுக்கிட்டுப் போகுது. ஏன்?

அந்த அறிவுரை பழைய பைக்குக்கு உரியது. 1990-களின் பைக்குகளில் ஹெட் ஆங்கிள் (முன் ஃபோர்க் சாய்ந்திருக்கும் கோணம்) ஏறக்குறைய 71 பாகை, ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) நீளம் 120 மி.மீ.-க்கும் மேல், ஹேண்டில்பார் குறுகல். முன்சக்கரம் ஓட்டுபவரின் மூக்குக்கு நேர் கீழே இருந்தது. சிறு பள்ளத்தில் இறங்கினாலும் தலைகுப்புறக் கவிழும் அபாயம் இருந்ததால் பின்னால் தொங்குவதைத் தவிர வழியில்லை.

இன்றைய டிரெயில் பைக்கில் (ஏற்றம் இறக்கம் இரண்டுக்குமான மவுண்டன் பைக்) ஹெட் ஆங்கிள் 64 முதல் 66 பாகை, ஸ்டெம் 35 முதல் 50 மி.மீ., ஹேண்டில்பார் 760 முதல் 800 மி.மீ. முன்சக்கரம் நன்றாகத் தள்ளி முன்னால் நிற்கிறது. கவிழ்வது குறைந்துவிட்டது, ஆனால் அதன் மேல் உங்கள் எடை தானாக விழாது. நீங்களும் பின்னால் போய்விட்டால் முன் டயரை அழுத்த யாருமில்லை. ஹேண்டிலைத் திருப்பினாலும் சக்கரம் நேரே ஓடும்.

சரியான நிலை இப்படி இருக்கும். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில். குதிகால் சற்றுக் கீழே. முழங்கால் மடங்கி வெளியே விரிந்திருக்கும். இடுப்பு, பெடல் அச்சுக்கு நேர் மேலே. மார்பு தாழ்ந்து, முழங்கை வெளியே பார்த்து மடங்கி, தாடை ஏறக்குறைய ஸ்டெம்முக்கு மேல். இது சரிதானா என்று பார்க்க உள்ளங்கையைக் கவனியுங்கள். மிதமான இறக்கத்தில் விரல்களை ஒரு நொடி தளர்த்தினால் கை ஹேண்டிலை இழுக்கவும் கூடாது, அதன் மேல் சாய்ந்து அழுத்தவும் கூடாது. விரல்கள் ஹேண்டிலைப் பிடித்துத் தொங்கினால் நீங்கள் பின்னால் இருக்கிறீர்கள். உள்ளங்கை நசுங்கினால் முன்னால் இருக்கிறீர்கள். எடை முழுவதும் பாதத்தில் இருந்தால் கை வெறுமனே திருப்பும் வேலையை மட்டும் செய்யும். இறக்கம் செங்குத்தாக ஆக, பைக் உங்களுக்குக் கீழே முன்னோக்கிச் சாயும். நீங்கள் பெடலின் மேலேயே நின்றால் தானாகவே சீட்டுக்குப் பின்னால் வந்ததுபோலத் தெரியும், தனியாகத் தள்ள வேண்டியதில்லை.

7. டிஸ்க் பிரேக்தான் போட்டிருக்கு, ஆனா கை செத்துப் போகுது. பிரேக் சரியில்லையா?

முதலில் லீவரின் இடத்தைப் பாருங்கள். பல பைக்குகளில் லீவர் கிரிப்பை ஒட்டியே பூட்டப்பட்டிருக்கும், அதனால் இரண்டு மூன்று விரல் போட வேண்டி வருகிறது. கிளாம்ப்பைத் தளர்த்தி லீவரை உள்பக்கமாக நகர்த்துங்கள். ஆள்காட்டி விரல் லீவரின் நுனிக் கொக்கியில் விழ வேண்டும். நெம்புகோல் நீளம் கூடுவதால் ஒரு விரலிலேயே வேண்டிய விசை கிடைக்கும், மற்ற விரல்கள் ஹேண்டிலைப் பிடித்திருக்கும். அடுத்து சாய்வு. பெடலில் எழுந்து நின்று விரலை நீட்டினால், முன்கையும் மணிக்கட்டும் விரலும் ஒரே கோட்டில் வர வேண்டும். பிறகு லீவர் கைக்கு எட்டும் தூரத்தை அதற்கான திருகால் அமையுங்கள். பேட், ரோட்டரை (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) கடிக்கும்போது விரல் பாதியளவு மடங்கியிருக்க வேண்டும்.

புது பேட் போட்டால் பழக்காமல் மலைக்குக் கொண்டு போகாதீர்கள். மணிக்கு 20 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகத்துக்குச் சீராகக் குறையுங்கள், முழுதாக நிற்காமல் பிரேக்கை விடுங்கள். இதை 20 முறை செய்யுங்கள். பிறகு சற்றுக் கூடுதல் வேகத்தில் 10 முறை. பேட்டின் மெல்லிய படலம் ரோட்டரில் ஒட்டிய பிறகுதான் முழுப் பிடிப்பு வரும். செயின் எண்ணெய் ஸ்பிரே ரோட்டரில் பட்டால் பேட் அதை உறிஞ்சிக்கொண்டு கத்தும், பிடிக்காது. அந்தப் பேட்டை மாற்றுவதே நல்லது.

இவ்வளவும் சரியாக இருந்தும் கை வலித்தால் பழக்கத்தில்தான் கோளாறு. இறக்கம் முழுக்க லேசாகப் பிடித்துக்கொண்டே வருவதால் விரலுக்கு ஓய்வே இல்லை, ரோட்டரும் பிரேக் திரவமும் சூடேறுகின்றன. வளைவுக்கு முன் நேர்ப்பகுதியில் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவில் விட்டுவிடுங்கள். திரவம் மாற்றும்போது டாட் திரவத்தையும் மினரல் ஆயிலையும் ஒன்றுக்கு மற்றொன்றாக ஊற்றக் கூடாது, உள்ளிருக்கும் ரப்பர் சீல் கெட்டுவிடும்.

8. முன் பிரேக் பிடிச்சா தூக்கி எறிஞ்சிடும்னு பயம். பின் பிரேக் மட்டும் போதாதா?

போதாது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் நகர்கிறது, பின்சக்கரம் லேசாகிறது. லேசான சக்கரத்தால் அதிகம் நிறுத்த முடியாது, பூட்டிக்கொண்டு சறுக்கத்தான் செய்யும். சறுக்கிய தடத்தில் மண் பெயர்ந்து அடுத்த மழையில் ஓடையாகிவிடும். தடத்தை நேசிப்பவர்கள் இதற்காகவாவது முன் பிரேக்கைப் பழக வேண்டும்.

புல்தரையிலோ இறுகிய மண்ணிலோ ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். நிதானமான வேகத்தில் வந்து, கோட்டைத் தொட்டதும் முன் பிரேக்கை மட்டும் மெல்லத் தொடங்கிப் படிப்படியாக அழுத்துங்கள். அதே நேரம் குதிகாலைக் கீழே இறக்கி, பாதத்தால் பெடலை முன்னோக்கித் தள்ளுவதுபோல உதையுங்கள். தூக்கி எறிவது பிரேக்கின் வேலை மட்டுமல்ல, உடம்பு தாங்கிக்கொள்ளாமல் முன்னால் சரிவதும் சேர்ந்துதான் எறிகிறது. நிற்கும் தூரத்தைக் கல் வைத்துக் குறியுங்கள். 10 நிமிடத்தில் அந்தக் கல் நகர்ந்து வருவது கண்ணுக்கே தெரியும்.

9. ஏபிஎஸ் வந்துடுச்சே. இனி இதெல்லாம் பழகணுமா?

மின்மோட்டார் பைக்குகளுக்கான ஏபிஎஸ்ஸை பாஷ் நிறுவனம் 2018-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்னர் மலைத்தடங்களுக்கென்றே அமைத்த வகைகளும் வந்தன. சக்கர வேகத்தை சென்சார் அளக்கிறது. முன்சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்தால் பிரேக் அழுத்தத்தைச் சட்டென்று குறைத்து மறுபடி கூட்டுகிறது. பதறிப்போய் முன் பிரேக்கைப் பிடித்து நசுக்குபவரை அது உண்மையாகவே காப்பாற்றும். ஈரச் சாலையில் தினமும் போகிறவருக்குத் தயங்காமல் பரிந்துரைப்போம்.

ஆனால் அது இருக்கும் பிடிப்பை வீணாக்காமல் பார்த்துக்கொள்ளும், புதிதாகப் பிடிப்பை உண்டாக்காது. உதிரி மண் கிடக்கும் செங்குத்தில், பூட்டிய சக்கரம் தனக்கு முன்னால் மண்ணைக் குவித்து நின்றுவிடும். சக்கரத்தைச் சுழலவிடும் ஏபிஎஸ் அங்கே நிற்கும் தூரத்தைக் கூட்டக்கூடும். வளைவில் அளவுக்கு மீறிய வேகத்தில் நுழைந்துவிட்டால் அதனால் செய்யக்கூடியது சிறிதே. எங்கே பிரேக் பிடிக்கத் தொடங்குவது என்ற முடிவு இன்னும் உங்களுடையது. 7-ஆம், 8-ஆம் பதில்களில் சொன்ன பழக்கம் ஏபிஎஸ் இருந்தாலும் வேண்டும்.

10. சஸ்பென்ஷனை வாங்கும்போதே செட் பண்ணித்தான் கொடுத்தாங்க. மறுபடி என்ன செய்யணும்?

உங்கள் எடைக்கு, நீங்கள் சுமக்கும் பையும் தண்ணீரும் சேர்த்து அமைத்தார்களா என்று பாருங்கள். பைக்கில் ஏறி நின்றதும் சஸ்பென்ஷன் எவ்வளவு அமிழ்கிறதோ அதைத்தான் சேக் என்கிறோம். டிரெயில் பைக்குக்கு முன்னால் 15 முதல் 20 சதவீதம், பின்னால் 25 முதல் 30 சதவீதம் நல்ல தொடக்கம். 150 மி.மீ. ஃபோர்க்கில் 20 சதவீதம் என்றால் 30 மி.மீ. பின் ஷாக்கில் தண்டின் நீளத்தை வைத்துக் கணக்கிட வேண்டும்: 60 மி.மீ. தண்டுக்கு 30 சதவீதம் என்றால் 18 மி.மீ.

பூட்டு நெம்புகள் எல்லாவற்றையும் திறந்த நிலையில் வையுங்கள். ஓட்டும்போது அணியும் அத்தனையையும் அணிந்து, ஒருவர் பைக்கைப் பிடித்துக்கொள்ள, பெடலில் எழுந்து நின்று இரண்டு மூன்று முறை குலுக்குங்கள். பிறகு அசையாமல் நின்று, தண்டில் இருக்கும் ரப்பர் வளையத்தைச் சீல் வரை தள்ளிவிட்டு மெதுவாக இறங்குங்கள். வளையம் நகர்ந்த தூரம்தான் அளவு. கூடுதலாக அமிழ்ந்தால் காற்றைக் கூட்டுங்கள், குறைந்தால் விடுங்கள். ஒரு தடவைக்கு 5 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) போதும்.

அடுத்தது ரீபவுண்ட், அதாவது அமிழ்ந்தது எழும் வேகம். நடைபாதை விளிம்பு உயரமுள்ள படியிலிருந்து உட்கார்ந்தபடியே இறங்குங்கள். ஒரு முறை எழும்பி அடங்கினால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் வேகம் அதிகம், திருகை ஓரிரு கிளிக் மூடுங்கள். மறுகோடியும் ஆபத்துதான். எழுவது மிக மெதுவானால், அடுத்தடுத்து வரும் வேர்களில் சஸ்பென்ஷன் மேலே வருவதற்குள் அடுத்த அடி விழும். அடிமேல் அடியாக உள்ளே இறங்கி, கடைசியில் கட்டையாகிவிடும். 'என் ஃபோர்க் ரொம்ப இறுக்கம்' என்று காற்றை விடுகிறவர்களில் பலருக்கு உண்மையில் ரீபவுண்ட்தான் மெதுவாக இருக்கும். எத்தனை கிளிக் என்று எழுதி வையுங்கள்.

11. தானா மாறுற எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன் இருந்தா இந்த வேலையெல்லாம் மிச்சம்தானே?

இல்லை. ஃபாக்ஸ் நிறுவனம் 2018-இல் கொண்டுவந்த லைவ் வால்வும், ராக்‌ஷாக்ஸ் 2021-இல் கொண்டுவந்த ஃபிளைட் அட்டென்டன்ட்டும் ஏற்றத்தில் இறுக்கி இறக்கத்தில் தளர்த்தும் வேலையைச் செய்கின்றன. கையால் நெம்பை மாற்ற மறந்துவிடும் தொல்லை தீர்ந்தது, ஏற்ற இறக்கம் மாறி மாறி வரும் பந்தயத்தில் அது பெரிய லாபம். காற்றழுத்தத்தையும் ரீபவுண்டையும் உங்கள் எடைக்கு அமைப்பது இன்னும் உங்கள் வேலை. 10-ஆம் பதில் அப்படியே பொருந்தும். அடிப்படை அமைப்பு தவறாக இருந்தால், அந்தத் தவறின் மேல்தான் அது வேகமாக இறுக்கித் தளர்த்திக்கொண்டிருக்கும்.

12. டயர்ல எவ்வளவு காத்து? டயர் மேலயே 50-ன்னு போட்டிருக்கே?

அது தாங்கும் உச்ச அளவு, ஓட்ட வேண்டிய அளவு அல்ல. 75 கிலோ எடையுள்ளவர் 2.4 அங்குல ட்யூப்லெஸ் டயரில் முன்னால் 21 முதல் 23, பின்னால் 24 முதல் 26 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்கலாம். ட்யூப் போட்டிருந்தால் நான்கைந்து கூடுதலாக வையுங்கள், இல்லாவிட்டால் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல இரண்டு ஓட்டை விழும்.

வளைவில் டயர் பக்கவாட்டில் நெளிந்து பைக் ஆடினாலோ, ரிம் கல்லில் 'டக்' என்று இடித்தாலோ காற்று குறைவு. சிறு கல்லெல்லாம் கையில் துள்ளினால் அதிகம். மாற்றும்போது 1 பி.எஸ்.ஐ. வீதம் மாற்றுங்கள், எப்போதும் ஒரே மீட்டரில் அளக்கவும். இரண்டு மீட்டர்கள் ஒத்துப்போவது அரிது. 29 அங்குலச் சக்கரத்துக்கு ஏறக்குறைய 100 மி.லி. சீலன்ட் (ஓட்டையைத் தானாக அடைக்கும் திரவம்) வேண்டும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை காய்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

13. 29 அங்குலச் சக்கரம் எல்லாத்தையும் தாண்டிடும்னா, முன்சக்கரம் தூக்கிப் பழகுறது எதுக்கு?

பெரிய சக்கரம் தடையை முட்டும் கோணம் தாழ்வாக இருப்பதால் எளிதாக ஏறும். முழங்கால் உயரப் பாறை, பள்ளம், குறுக்கே விழுந்த மரம் ஆகியவற்றுக்கு அந்தச் சலுகை போதாது. முன்சக்கரம் தூக்கத் தெரியாதவர் அங்கே இறங்கி நடக்கத்தான் வேண்டும்.

14. கிளிப் பெடல் போட்டாத்தான் பன்னி ஹாப் வருது. அப்படியே ஓட்டலாமா?

கிளிப் பெடலில் ஷூ பெடலோடு பூட்டிக்கொள்வதால், காலை மேலே இழுத்தால் பைக்கும் கூடவே வரும். அது பன்னி ஹாப் (உடம்பின் அசைவால் இரண்டு சக்கரத்தையும் எழுப்பித் தாண்டுவது) அல்ல, பைக்கைத் தூக்குவது. உயரம் அதிகம் வராது, நேரமும் தவறும். ஃபிளாட் பெடலில் (கால் பூட்டிக்கொள்ளாத தட்டைப் பெடல்) சரியான முறையைத்தான் கற்க முடியும். உடம்பைத் தாழ்த்தி அழுத்துங்கள். கையை நீட்டியபடி இடுப்பைப் பின்னுக்கும் கீழுக்கும் வீசினால் முன்சக்கரம் எழும். காலை நீட்டி நிமிர்ந்து இடுப்பை ஹேண்டிலை நோக்கிக் கொண்டு வாருங்கள். கடைசியில் ஹேண்டிலை முன்னால் தள்ளி, பாதத்தைப் பின்னோக்கிச் சாய்த்துப் பெடலை வாரி எடுங்கள். பின்சக்கரம் உங்கள் காலடிக்கு எழுந்து வரும்.

சாம் ஹில் 2017, 2018, 2019 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து என்டியூரோ (இறக்கங்களுக்கு மட்டும் நேரம் கணக்கிடும் பந்தயம்) உலகத் தொடரை ஃபிளாட் பெடலில்தான் வென்றார். கிளிப் பெடல் தவறானதல்ல. ஏற்றத்திலும் குலுங்கும் தடத்திலும் கால் நழுவாமல் இருக்க நல்லது. ஃபிளாட்டில் பன்னி ஹாப் வந்த பிறகு மாறுங்கள்.

15. மின்மோட்டார் பைக் எடுத்தா மலை ஏற திறமையே வேண்டாம்தானே?

மூச்சு வேலை குறையும், திறமை வேலை குறையாது. ஐரோப்பிய விதிப்படி மோட்டார் 250 வாட், மணிக்கு 25 கி.மீ. வரைதான் உதவும். ஆனாலும் மனிதக் காலால் ஏறவே முடியாத செங்குத்துக்கு அது உங்களைக் கொண்டு போய்விடும். அங்கே முன்சக்கரம் எழும்பாமல் இருக்க சீட்டின் முனைக்கு நகர்ந்து மார்பைத் தாழ்த்த வேண்டும், பின்சக்கரம் வழுக்காமல் இருக்க எடையை முழுதாக முன்னால் கொண்டு போகவும் கூடாது. படி போன்ற கல்லில் பெடல் இடிக்காமல் இருக்க, முழுச் சுற்று மிதிக்காமல் கால் சுற்று, அரைச் சுற்றாக மிதித்துப் பின்னால் எடுக்கப் பழகுங்கள். சில மோட்டார்கள் மிதிப்பதை நிறுத்திய பிறகும் ஒரு நொடி தள்ளும். குறுகிய கொண்டை ஊசி வளைவில் அந்த ஒரு நொடியைக் கணக்கில் வைக்காவிட்டால் பைக் வெளியே ஓடிவிடும்.

இறக்கத்தில், பெரும்பாலும் 20 கிலோவுக்கு மேற்பட்ட பைக்கை நிறுத்த வேண்டும். முன்னால் குறைந்தது 200 மி.மீ. ரோட்டர் வேண்டும், பிரேக்கை முன்கூட்டியே தொடங்க வேண்டும். அதிக உதவி நிலையில் புதிய ஏற்றத்தைப் பழகாதீர்கள். மிகக் குறைந்த நிலையில் ஏறிப் பார்த்தால்தான் எங்கே பிடிப்பு போகிறது என்று தெரியும்.

16. உலகப் பந்தயங்கள்ல ஜெயிக்கிறது ஆளா, பைக்கா?

அந்த மட்டத்தில் எல்லோரிடமும் ஏறக்குறைய சமமான பைக் இருக்கிறது. அதனால்தான் ஏதாவது உடையும்போது ஆளின் திறமை தெளிவாகத் தெரிகிறது. 2015-இல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் நடந்த டவுன்ஹில் உலகக் கோப்பையில் ஆரன் க்வினுக்குத் தொடக்கத்திலேயே செயின் அறுந்தது. ஒரு மிதிகூட மிதிக்க முடியாமல் அந்தப் பந்தயத்தை வென்றார். மேட்டின் மறுசரிவில் பைக்கை அழுத்தியும் பிரேக்கைக் குறைவாகத் தொட்டும்தான் அந்த வேகம் வந்தது. பெடல் இல்லாதபோது, வளைவுக்கு முன் வீணாகப் பிடித்த ஒவ்வொரு பிரேக்கும் திரும்பிவராத வேகம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக் குறுக்குநாட்டுப் பந்தயத்தில் டாம் பிட்காக்குக்கு நடுவில் முன் டயர் பஞ்சர். சக்கரத்தை மாற்றிக்கொண்டு பின்தங்கிய நிலையிலிருந்து தங்கம் வென்றார். சாதனம் முக்கியமில்லை என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. 2014-இல் அதே லியோகாங்கில் இதே க்வின் டயர் கிழிந்து ரிம்மிலேயே கடைசி வரை ஓட்டி வந்தார், வெற்றி கிடைக்கவில்லை. செயின் இல்லாமல் வெல்லலாம், டயர் இல்லாமல் வெல்ல முடியாது. 4-ஆம் பதிலில் டயரை முதலில் வைத்ததற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

17. நல்ல பைக் வாங்கின பிறகுதான் அடி பலமா படுது. பழைய பைக்ல இப்படி ஆகலையே?

இதைக் கேட்பவர்கள் பலர், கேள்வியும் முக்கியமானது. பழைய பைக் மணிக்கு 20 கி.மீ. வேகத்திலேயே குலுங்கி எச்சரித்தது. புது பைக்கில் 30-இலும் அமைதியாக இருக்கிறது. மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 20-லிருந்து 30-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்கு, ஆற்றல் 2.25 மடங்கு. பைக் பொறுத்துக்கொள்ளும் எல்லை தள்ளிப் போனதே தவிர எல்லை இல்லாமல் போகவில்லை. அந்த எல்லைக்கு வெளியே விழும்போது அடி பெரிதாகத்தான் இருக்கும்.

புது பைக்கில் முதல் சில வாரம் பழைய வேகத்திலேயே பழைய தடத்தை ஓட்டுங்கள். தெரியாத தடத்தில் முதல் முறை நின்று நின்று பார்த்து, இரண்டாம் முறை நிற்காமல் மெதுவாக, மூன்றாம் முறைதான் வேகம். கண் எவ்வளவு தூரம் முன்னால் பார்க்கிறது என்பதுதான் பாதுகாப்பான வேகத்தின் அளவு. முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போகிறீர்கள் என்றால் வேகம் அதிகம்.

18. நான் முன்னேறுறேனா, இல்ல பைக்தான் என்னைக் கொண்டு போகுதா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள், புது டயரே நேரத்தைக் குறைக்கும். நன்கு தெரிந்த, ஆபத்தில்லாத 100 மீட்டர் பகுதி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சஸ்பென்ஷனில் பூட்டும் நெம்பு இருந்தால் பூட்டிவிட்டு மெதுவாக இறங்குங்கள். பூட்டியதால் எந்தெந்த இடத்தில் பைக் தூக்கிப் போடுகிறதோ, அங்கெல்லாம் இதுவரை சஸ்பென்ஷன் உங்கள் தவறை விழுங்கியிருக்கிறது. முழங்கால் முழங்கையால் அந்த அடியை வாங்கவோ வேறு பாதை தேடவோ பழகுங்கள். பெரிய தாண்டல்கள் உள்ள இடத்தில் இதைச் செய்யாதீர்கள், பூட்டிய ஷாக் பழுதாகலாம்.

இன்னும் இரண்டு சோதனை உண்டு. சமதளத்தில் கால் ஊன்றாமல் பைக்கை நிறுத்தி 10 நொடி நிற்க முடிகிறதா? பம்ப் தடத்தில் (மேடு பள்ளங்களில் உடம்பை அழுத்தியே வேகம் எடுக்கும் தடம்) ஒரு சுற்றாவது மிதிக்காமல் வர முடிகிறதா? இரண்டுக்கும் எந்தச் சாதனமும் உதவாது.

19. பேட்டரி கியர், பேட்டரி டிராப்பர்னு எல்லாம் மாத்திட்டேன். நடுக்காட்டுல செத்துட்டா?

கிளம்பும் முன் விளக்கு நிறத்தைப் பாருங்கள், சிறிய மாற்றுப் பேட்டரி ஒன்றைப் பையில் வையுங்கள். ஸ்ராம் நிறுவனத்தின் கம்பியில்லாத ஏஎக்ஸ்எஸ் வகையில் டிராப்பருக்கும் பின் டீரெய்லருக்கும் (கியர் மாற்றும் பாகம்) ஒரே மாதிரிப் பேட்டரிதான். கியர் பேட்டரி தீர்ந்தால் டிராப்பரின் பேட்டரியைக் கழற்றி அங்கே போட்டு வீடு திரும்பலாம். கழற்றுவதற்கு முன் சீட்டை எந்த உயரத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்துவிடுங்கள், பிறகு மாற்ற முடியாது. மீதிப் பாதையில் ஏற்றம் அதிகம் என்றால் உயரத்தில் விடுங்கள், இறக்கம் என்றால் தாழ்த்தி விடுங்கள். ரிமோட் பட்டனுக்குள் இருக்கும் காசு வடிவப் பேட்டரியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், அதற்கும் ஒரு மாற்று வேண்டும்.